குடல் நுண்ணுயிரிகளும் அழற்சியும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 46. வழக்கமாகச் செய்துகொள்ளும் இரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஒரு புரதம்) அளவு லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்று வந்துள்ளது. காய்ச்சலோ மூட்டுவலியோ இல்லை. குடல் நுண்ணுயிரிகளுக்கு ஏற்ற உணவைச் சாப்பிட்டால் இது குறையும் என்கிறார்கள். சாப்பாட்டுக்கும் அழற்சிக்கும் அப்படியொரு தொடர்பு இருக்கிறதா, டாக்டர்?

பதில்: இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பரிசோதனை முடிவை வைத்துக் கலங்க வேண்டாம். சாதாரண சளித்தொல்லையும் ஈறு வீக்கமும்கூடச் சில நாட்களுக்கு சி.ஆர்.பி.யை ஏற்றிவிடும் என்பதால், உடல் நலமாக இருக்கும்போது இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் 3-க்கு மேல் இருந்தால், உங்கள் மருத்துவரிடம் காட்டி, வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு உணவையும் சேர்த்து ஆராய வேண்டும்.

நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் அநேகமாக இல்லை. எனவே அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு ஏறக்குறைய அப்படியே வந்து சேருகிறது. அங்கே லட்சம் கோடிக் கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்தான் பெருங்குடல் உட்சுவர்ச் செல்களின் முதன்மையான எரிபொருள். அது போதிய அளவு கிடைக்கும்போது அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நிற்கின்றன. எதிர்ப்பாற்றல் அளவுமீறிப் போகாமல் அடக்கி வைக்கும் ஒருவகை டி-செல்கள் (வெள்ளையணுக்கள்) உருவாவதற்கும் இது துணைபுரிகிறது என்பதை 2013-இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின.

நார்ச்சத்து வந்து சேராதபோது நடப்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. குடற்சுவரின் மேல் ஒரு சளிப்படலம் பரவியிருக்கிறது. பெருங்குடலில் அதன் உள்ளடுக்குக்குள் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நுழைவதில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்களை எலிகளுக்குள் குடியேற்றி, நார்ச்சத்தே இல்லாத தீனியைக் கொடுத்தார்கள். உணவு கிடைக்காத அந்தப் பாக்டீரியாக்கள் சளிப்படலத்தில் உள்ள சர்க்கரைகளையே தின்னத் தொடங்கின, படலம் மெலிந்தது. பிறகு ஒரு குடல் நோய்க்கிருமியைச் செலுத்தியபோது, நார்ச்சத்து உண்டிருந்த எலிகள் தாக்குப்பிடித்தன. மற்றவை கடுமையான குடல் அழற்சிக்கு ஆளாயின. இரு கூட்டத்திலும் இருந்தவை அதே பாக்டீரியாக்கள்தாம். ஆகவே, எந்த நுண்ணுயிரி நம்மிடம் இருக்கிறது என்பதைப் போலவே, அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

எலிகளோடு நிற்கவில்லை. 2015-இல் வெளியான ஆய்வொன்றில், 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவையும், தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்தினர் 20 பேருக்கு மேலைநாட்டு உணவையும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முதல் குழுவினரின் பெருங்குடலில் பியூட்டிரேட் உற்பத்தி கூடியது, அழற்சிக் குறியீடுகள் இறங்கின. இரண்டாம் குழுவினருக்கு நேரெதிராக நடந்தது. எந்த வயதிலும் மாற்றத்தைத் தொடங்கலாம் என்று என் நோயாளிகளுக்கு நான் நம்பிக்கையோடு சொல்வதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

கேள்வி: ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தபின், நன்மை தரும் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல் எடுத்துக்கொள்வது நல்லதா? மலத்தைப் பரிசோதித்து நுண்ணுயிரிப் பட்டியல் தருகிறார்களே, அதைச் செய்துகொள்ளலாமா?

பதில்: இரண்டையும் நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் எடுத்தவர்களின் குடலில் பழைய நுண்ணுயிரிக் கூட்டம் திரும்புவது, எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமானது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கச் சில புரோபயாடிக் வகைகள் உதவுவதுண்டு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மலப் பரிசோதனைப் பட்டியலைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான குடலின் அமைப்பு இதுதான் என்ற ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லாத நிலையில், அதைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்ய வழியில்லை.

தயிர் போன்ற நொதித்த உணவுகளின் கதை வேறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில், 10 வாரம் அவற்றை மிகுதியாகச் சாப்பிட்டவர்களுக்கு நுண்ணுயிரிகளின் பன்மை கூடி, 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அதே ஆய்வில் நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்கள் எல்லோருக்கும் அழற்சி ஒரே மாதிரி இறங்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலந்துகொண்டவர்கள் 36 பேர் மட்டுமே என்பதால் இரண்டு முடிவுகளையும் நிதானத்தோடுதான் ஏற்க வேண்டும்.

கேள்வி: நார்ச்சத்தைக் கூட்டியதிலிருந்து வயிறு உப்பிக்கொள்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். நொதித்தலில் வாயு உண்டாவது இயல்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது. பருப்பு, முழுத்தானியம், காய், பழம் என்று பிரித்து, தண்ணீரையும் கூட்டி, சில வாரங்களில் மெல்ல அந்த அளவை எட்டினால் போதும்.

கேள்வி: என் மகனுக்கு கிரோன் நோய் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி. உணவை மட்டும் மாற்றி மருந்தை நிறுத்த முடியுமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது, அம்மா. உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. சிறுவர்களுக்கு 6 முதல் 8 வாரம் வரை வேறு எதுவும் தராமல் சத்துத் திரவம் மட்டும் கொடுத்து நோயைத் தணிப்பது நிலைபெற்ற சிகிச்சை. ஆனால் அதைத் தொடங்குவதும் முடிப்பதும் குடல்நோய் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் எடையையும் இரத்த அளவுகளையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. குடல் சுருங்கியிருந்தால், மேலே நான் பாராட்டிய நார்ச்சத்தே அடைப்பை உண்டாக்கக்கூடும். மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, எடை இழப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முறைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.