கழுத்தில் ரத்தம் எடுக்கும்போது ஆட்டை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: என் வெள்ளாட்டுக்கு ரத்தப் பரிசோதனைக்காகக் கழுத்தில் நாலு தடவை குத்தினார்கள். மறுநாள் எலுமிச்சை அளவு வீங்கிவிட்டது. கழுத்தில் எடுப்பது ஆபத்தா? நான் எப்படிப் பிடித்திருக்க வேண்டும்?

பதில்: ஆபத்தில்லை. 25 கிலோ ஆட்டின் உடம்பில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சோதனைக்கு 5 மில்லி போதும். வீக்கம், தோலுக்கடியில் கசிந்த ரத்தம்தான். தேய்க்காமல், கீறாமல் விட்டால் வற்றிவிடும். சூடாகிப் பெரிதானால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலு குத்துக்குப் பெரும்பாலும் பிடிதான் காரணம். கழுத்துக் கயிற்றை முதலில் அவிழ்த்துவிடுங்கள். அது மேலே இறுகியிருந்தால் தலையிலிருந்து இறங்கும் ரத்தம் அங்கேயே தங்கி, கீழே ரத்தக்குழாய் புடைக்காது. ஆட்டின் பின்பக்கத்தைச் சுவர் மூலையில் ஒட்டி நிறுத்துங்கள். தோளுக்கு இருபுறமும் காலை வைத்து நின்று, தாடைக்கடியில் கைகொடுத்துத் தலையைச் சற்று உயர்த்தி, ஊசி போடும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் லேசாகத் திருப்புங்கள். முறுக்கினால் குழாய் தட்டையாகிவிடும். குரல்வளையைப் பிடிக்கவே கூடாது.

எடுப்பவர் மூச்சுக்குழலை ஒட்டிய பள்ளத்தில் மயிரைக் கத்தரித்து, கழுத்தின் அடிப்பகுதியில் கட்டைவிரலால் அழுத்துவார். சில நொடிகளில் அதற்கு மேலே குழாய் புடைக்கும். விரலை எடுத்தால் அமுங்கும். அப்படி ஏறி இறங்கினால்தான் அது சிரை. துடித்தால் தமனி, அங்கே குத்தக் கூடாது. ரத்தம் நிரம்பியதும் கட்டைவிரலை எடுத்துவிட்டுத்தான் ஊசியை உருவ வேண்டும். பிறகு ஓரிரு நிமிடம் பஞ்சால் அழுத்த வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் எலுமிச்சை வரும்.

சினை ஆடு என்றால் தனிக் கவனம் வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம். கடைசி மாதத்தில், அதுவும் இரட்டைக் குட்டி இருந்தால், வயிறு நெஞ்சுக்கூட்டை முட்டிக்கொண்டிருக்கும். படுக்க வைக்காதீர்கள், மேலே சாயாதீர்கள், முழங்காலால் வயிற்றை நெருக்காதீர்கள். வெயிலுக்கு முன் எடுத்துவிடுங்கள். துணை ஆடு ஒன்று பக்கத்தில் நின்றால் துள்ளல் குறையும். அப்படியும் மூச்சிரைத்தால் விட்டுவிடுங்கள்; இன்னொரு நாள் எடுக்கலாம்.

ஒரே ஊசியால் பட்டி முழுக்கக் குத்துகிறவரை உள்ளே விடாதீர்கள். அனாப்ளாஸ்மா போன்ற ரத்த நோய் ஊசி வழியாகவும் பரவும். ஒவ்வோர் ஆட்டுக்கும் புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். சந்தையில் தரகர் நீட்டும் 'ரத்தம் டெஸ்ட் பண்ணின ஆடு' என்ற சீட்டில் காதுத்தோடு எண் இல்லையென்றால் அது எந்த ஆட்டின் சீட்டோ, யாருக்குத் தெரியும்?

பிடிக்க ஆள் தராமல் மருத்துவரை ஒற்றையாக அனுப்புவதும், எடுத்த ரத்தத்தை வெயிலில் கிடத்திவிட்டு 'மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி எடுங்கள்' என்பதும் நம் ஊர் வழக்கம். அதனால் ஐஸ் போட்ட டப்பாவை நீங்களே எடுத்து வையுங்கள். குப்பியை ஐஸில் நேரடியாகப் படவிடாமல் துணி சுற்றி வைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்ட ஊதா மூடிக் குப்பியை எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் ரத்த அணுக்கள் உடையும். ஆட்டின் எண்ணை அந்தக் குப்பியிலேயே எழுதுங்கள், மூடியில் வேண்டாம். ஆய்வகத்தில் மூடிகள் மாறிப்போகும்.