தோல் உரித்த டரான்டுலா சிலந்தியின் இரண்டு கால்கள் பழைய தோலில் சிக்கியிருக்கின்றன. இழுத்து எடுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம், முதலில் அந்த இடுக்கியைக் கீழே வையுங்கள்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் ஒரு சிலி ரோஸ் டரான்டுலா இருக்கிறது. மூன்று வருடம் முன்பு, ஆடி மாதம் கச்சான் காற்று விடாமல் அடித்த நாட்களில் தோல் உரிக்க மல்லாந்தது. வறண்ட மண்ணில் வாழும் இனம்தான், ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டும். கிண்ணம் காய்ந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. என் தப்பு. சிலந்தி காலை நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். பழைய தோலை விட்டு வெளியே வரவும் அந்த அழுத்தம் வேண்டும். நீர் குறைந்தால் பாதியிலேயே தவித்து நின்றுவிடும். சில மணி நேரம் கழித்து அது தானாகப் புரண்டு எழுந்தபோது, வலது பக்கக் கடைசி இரண்டு கால்களில் பழைய தோல் காலுறை மாதிரி தொங்கியது.

நானும் இடுக்கியைத்தான் எடுத்தேன். நண்டு வலைக்குப் போகும் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடு கழட்டுன நண்டத் தொட்டுப் பாத்திருக்கியாடா? பஞ்சு மாதிரி இருக்கும். இழுத்தா காலு கையோட வந்துரும்."

வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு கிளிசரின் கலந்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் மாட்டியிருந்த தோலை மட்டும் நனைத்தேன். அடிவயிற்றில் நான்கு வெளிர்த் திட்டுகள் தெரியும், மூச்சு அங்கேதான்; ஈரம் படவே கூடாது. நனைத்துவிட்டு விலகி உட்கார்ந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி நனைக்க வேண்டும். மாலைக்குள் ஒரு கால் தானாக நழுவி வந்தது. மற்றது கோணலாகவே காய்ந்துபோனது. மறுநாள் அடிமூட்டிலிருந்து அதையே கழற்றிப் போட்டுவிட்டது. அந்த இடத்தில் நீலச் சாயலில் ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். அது நிற்காமல் கசிந்தால் சோளமாவை ஒற்றுங்கள். அடுத்த உரிப்பில் அதே இடத்தில் மெலிந்து, வெளிறி, ஒரு சின்னக் கால் முளைத்தது.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுடையது புளியமரப் பட்டையிலோ பனையிலோ பிடித்ததா? ராமேஸ்வரம் அனுமவிலாசம் கோயிலின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட சிலந்தி நம் கரையில் இருக்கிறது. 2004இல் பெயர் சூட்டப்பட்டது; இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதுவாக இருந்தால் வீட்டில் வைக்காதீர்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்கு இரை போடாதீர்கள். உயிருள்ள பூச்சி உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள், மெத்தென்ற உடம்பைக் கடித்துவிடும். உரித்ததும் பல் வெள்ளையாக இருக்கும், சிவக்கும், பிறகு நன்றாகக் கறுக்கும்; அதுவரை இரை வேண்டாம். வளர்ந்த சிலந்திக்கு அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். மல்லாந்து கிடந்தால் பயமில்லை. நிமிர்ந்தபடியே எட்டுக் காலையும் அடியில் சுருட்டிக்கொண்டால்தான் ஆபத்து. அப்போது வாய் மட்டும் தண்ணீரில் படும்படி கிண்ணத்தின் விளிம்பில் மெல்லச் சாய்த்து வையுங்கள்.