மார்கோ மார்ட்டின்டேல்: இரண்டு காட்சிகளிலிருந்து ஒரு முழுத் தொடர் வரை

கேள்வி: கதாநாயகியாக நடிக்காமல், குணச்சித்திரப் பாத்திரங்களை மட்டுமே நம்பி அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் திரைப்படங்களிலும் பெயர் பெற்ற நடிகை யாராவது உண்டா? அவர் நடித்தவற்றில் எதைப் பார்க்கலாம்?

பலர் உண்டு. ஒருவரை மட்டும் சொல்லும்படி கேட்டால் நான் தயங்காமல் மார்கோ மார்ட்டின்டேலைச் சொல்வேன். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதை மூன்று முறை பெற்றவர் அவர். முதல் விருது கைக்கு வந்தபோது அவருக்கு வயது 60. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளிலும் அவர் இதே தரத்தில்தான் நடித்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். அவருக்குத் தரப்பட்ட நேரத்தின் அளவுதான் பின்னாளில் மாறியது. எனவே விருதுகளைக் காட்டிலும் அந்த நேரத்தைப் பற்றியே இங்கு அதிகமாக எழுதுகிறேன்.

டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே உள்ள ஜாக்சன்வில் என்னும் சிற்றூரில் 1951 ஜூலை 18 அன்று பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபின் நியூயார்க் வந்தார்; கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் உள்ள ஆக்டர்ஸ் தியேட்டரில் சில ஆண்டுகள் மேடை ஏறினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கேத்தி பேட்ஸும் அந்த மேடையில் நடித்தவர்தான். 1987இல் ராபர்ட் ஹார்லிங் எழுதிய 'ஸ்டீல் மக்னோலியாஸ்' நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியபோது, ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் அழகு நிலையத்தின் உரிமையாளரான ட்ரூவி என்ற பாத்திரத்தை முதன்முதலில் ஏற்றவர் மார்ட்டின்டேல். இரண்டே ஆண்டுகளில் அது திரைப்படமானது. ட்ரூவியாக நடிக்கப் பாடகி டாலி பார்ட்டன் அழைக்கப்பட்டார். பார்ட்டனை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் படத்தில் அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனாலும் மேடையில் ஒரு பாத்திரத்தை உருவாக்கியவருக்குத் திரையில் அதே பாத்திரம் கிடைப்பதில்லை என்ற அமெரிக்க வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

தொண்ணூறுகள் முழுவதும் அவர் படங்களில் செவிலியாகவும், கன்னியாஸ்திரீயாகவும், பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும் வந்து போனார். 'லொரென்சோஸ் ஆயில்', 'டெட் மேன் வாக்கிங்' போன்றவை அக்காலத்தவை. முகம் தெரியும், பெயர் தெரியாது என்ற நிலையிலேயே பார்வையாளர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் அவரை அறிந்திருந்தார்கள். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் அவர் முதலில் தோன்றியதே ஐம்பது வயதைத் தாண்டிய பின்புதான். டென்னசி வில்லியம்ஸின் 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' நாடகத்தில் பிக் மாமாவாக நடித்ததற்காக 2004இல் நாடகத்துக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

அதே 2004இல் வெளிவந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'மில்லியன் டாலர் பேபி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டை வீராங்கனை மேகியின் தாயாக அவர் வருவது சில நிமிடங்களுக்கு மட்டுமே. மகள் சேர்த்த பணத்தில் ஒரு வீடு வாங்கிச் சாவியைக் கையில் தருகிறாள்; வீடு என் பெயரில் இருந்தால் அரசாங்க உதவித்தொகை நின்றுவிடுமே, பணமாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று தாய் கடிந்துகொள்கிறாள். பின்னர் மகள் கழுத்துக்குக் கீழே செயலிழந்து மருத்துவமனையில் கிடக்கும்போது, குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு வந்து, பேனாவை மகளின் வாயில் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். எழுத்தில் படித்தால் இது வெறும் கொடுமைக்காரத் தாய். மார்ட்டின்டேல் அவளைக் கொடுமைக்காரியாக நடிக்கவில்லை. தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பும் ஒரு ஏழைப் பெண்ணாக, சற்று அலுப்போடு, வீட்டுக் கணக்குப் பேசும் தொனியிலேயே பேசுகிறார். வெறுப்பு நம்மிடம் இரட்டிப்பாவதற்கு அந்தத் தொனிதான் காரணம்.

இதற்கு நேரெதிராக இருப்பது 2006இல் வந்த 'பாரிஸ், ஜு தெம்' என்ற குறும்படத் தொகுப்பின் கடைசிப் பகுதி. இயக்கியவர் அலெக்சாண்டர் பெய்ன். டென்வர் நகரில் கடிதம் பட்டுவாடா செய்யும் கரோல் என்ற பெண், பல காலம் பணம் சேர்த்து, தன்னந்தனியாகப் பாரிசுக்கு வருகிறாள். தான் கற்றுக்கொண்ட பிரெஞ்சில், அழுத்தமான அமெரிக்க உச்சரிப்போடு, அந்தப் பயணத்தை ஒரு கட்டுரை வாசிப்பதைப் போல அவளே சொல்லிக்கொண்டு போகிறாள். முதல் சில நிமிடங்கள் நமக்குச் சிரிப்பு வரும்; வர வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். பிறகு அவள் ஒரு பூங்கா இருக்கையில் அமர்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறாள். சுற்றிலும் குழந்தைகள், காதலர்கள், புல்வெளியில் படுத்திருப்பவர்கள். மகிழ்ச்சியும் துயரமும் கலந்து, இன்னதென்று சொல்லத் தெரியாத ஓர் உணர்வு அவளுக்குள் எழுகிறது. முகத்தில் நிகழும் மாற்றம் மிகச் சிறியது. இதற்குள் நம் சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது. அவ்வளவு குறுகிய நேரத்தில் பார்வையாளரை ஏளனத்திலிருந்து அன்புக்குக் கொண்டுவந்து சேர்த்த நடிப்பை நான் வேறு அதிகம் பார்த்ததில்லை.

சினிமா அவருக்குக் கொடுத்தது இவ்வளவுதான்: சில நிமிடங்கள். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஆண்டுகளில் எஃப்எக்ஸ் போன்ற கேபிள் அலைவரிசைகள் பதின்மூன்று அத்தியாயங்கள் கொண்ட பருவங்களாகத் தொடர்களை எடுத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புதிய எதிராளியை உருவாக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பல மணி நேரம் கிடைத்தது. 2011இல் 'ஜஸ்டிஃபைட்' தொடரின் இரண்டாம் பருவத்தில் அவர் ஏற்ற மேக்ஸ் பென்னெட் அப்படி வந்ததே. (கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்க எண்ணியிருப்போர் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.)

கென்டக்கியின் ஹார்லன் மலைப்பகுதியில் மளிகைக் கடை நடத்திக்கொண்டு, மறைவில் கஞ்சா வணிகத்தை மூன்று மகன்களின் துணையோடு ஆளும் மூதாட்டி மேக்ஸ். முதல் அத்தியாயத்திலேயே, தன்னை மீறிக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்த ஒருவனை வீடு தேடிச் சென்று நலம் விசாரிக்கிறாள். 'ஆப்பிள் பை' என்று அவர்கள் அழைக்கும், தானே காய்ச்சிய சாராயத்தைக் கண்ணாடி ஜாடியிலிருந்து இருவருக்கும் ஊற்றுகிறாள், தானும் குடிக்கிறாள். அவன் துடிக்கத் தொடங்கியதும், விஷம் ஜாடியில் இல்லை, தம்ளரிலேயே இருந்தது என்று விளக்குகிறாள். விளக்கிவிட்டு எழுந்து போய்விடவில்லை: அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மகளை நான் வளர்ப்பேன் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே அவன் சாகும்வரை உடனிருக்கிறாள். அந்த ஆறுதல் பொய்யில்லை. அந்தப் பெண்ணை அவள் உண்மையாகவே நேசிக்கிறாள். பருவத்தின் கடைசிக் காட்சியில் அதே ஜாடி, அதே சாராயம், எதிரில் தொடரின் நாயகனான காவல் அதிகாரி ரேலன். இம்முறை விஷத் தம்ளர் மேக்ஸின் கையில் இருக்கிறது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில், நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஊர்க்கூட்டத்தில் மலையைக் காக்கப் பேசும் ஒரு காட்சி உண்டு. தனக்கென்று ஒரு பேரத்தை மறைவில் வைத்துக்கொண்டே அவள் பேசுகிறாள். இருந்தும் பேச்சில் உள்ள கோபம் மெய்யானது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்க, முன்பு சில நிமிடங்களில் பழகிய சிக்கனம்தான் அவருக்கு உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். (வேடிக்கையான ஒன்று: 2008இல் 'டெக்ஸ்டர்' தொடரில் அவர் ஏற்ற கமிலா, நோயின் வேதனை தாங்காமல் தானே கேட்டு, விஷம் கலந்த எலுமிச்சை 'பை' என்ற இனிப்புப் பண்டத்தை உண்டு இறக்கிறாள்.)

மேக்ஸுக்காகக் கிடைத்ததுதான் முதல் எம்மி. அடுத்து வந்த 'தி அமெரிக்கன்ஸ்' தொடரில் எண்பதுகளின் வாஷிங்டன் புறநகரில் வாழும் சோவியத் உளவாளித் தம்பதியருக்குக் கட்டளைகள் கொண்டுவரும் கிளாடியா. பார்த்தால் பேரப்பிள்ளைகளுக்குப் பின்னல் பின்னும் பாட்டியைப் போலிருப்பார். முதல் பருவத்தில் அந்தத் தம்பதியருள் மனைவியான எலிசபெத் அவரை அடித்து நொறுக்கும்போதுதான், கிளாடியாவின் அளவை நாம் குறைத்து மதிப்பிட்டிருந்தது புரியும். இந்தப் பாத்திரத்துக்காக 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் சிறப்புத் தோற்ற நடிகைக்கான எம்மி கிடைத்தது.

இடையே சிபிஎஸ் அலைவரிசையின் 'தி மில்லர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில் முதன்மைப் பாத்திரங்களுள் ஒன்றை ஏற்றதால் கிளாடியாவின் பங்கு சுருங்கிப்போனது. அந்தத் தொடர் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே, 2014இல், நிறுத்தப்பட்டது. பார்வையாளனாக எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அதில் அவருடைய மகனாக நடித்த வில் ஆர்னெட்டுதான் 'போஜாக் ஹார்ஸ்மேன்' என்ற கேலிச்சித்திரத் தொடரின் நாயகக் குதிரைக்குக் குரல் கொடுத்தவர். அந்தத் தொடரில் மார்ட்டின்டேல் தன் பெயரிலேயே வருகிறார். எல்லோரும் அவரைப் பட்டம் சேர்த்தே, 'குணச்சித்திர நடிகை மார்கோ மார்ட்டின்டேல்' என்று அழைக்கிறார்கள். நண்பனின் இசைநாடகத்தைக் கெடுக்கப் போஜாக் இவரை வேடமிட்டு நடிக்க அமர்த்த, நடிப்பின் சுவை தலைக்கேறி இவர் வங்கிக் கொள்ளை வரை போய்விடுகிறார். தொழிலின் மீதும் தன் மீதும் இவ்வளவு தாராளமாகச் சிரிக்க எல்லா நடிகர்களும் சம்மதிக்க மாட்டார்கள்.

பிந்தையவற்றுள் 'மிஸஸ் அமெரிக்கா'வில் (2020) அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பெல்லா ஆப்சுக் என்பவராக அவர் நடித்தது குறிப்பிடத் தக்கது. அதற்கும் எம்மி பரிந்துரை வந்தது. 2024இல் அமேசானில் வெளியான 'தி ஸ்டிக்கி'தான் அவரைக் கதையின் மையத்தில் நிறுத்தியது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சேமிப்புக் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 3,000 டன் மேப்பிள் பாகு களவுபோன உண்மை நிகழ்வைத் தழுவிய நகைச்சுவைத் தொடர் அது, ஆறே அத்தியாயங்கள். திரைக்கதை சில இடங்களில் தொய்கிறது, ஆனால் அவர் வரும் காட்சிகள் தொய்வதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பாரிஸ் குறும்படத்தைப் பாருங்கள். ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகாது. பிடித்திருந்தால் 'ஜஸ்டிஃபைட்' இரண்டாம் பருவத்துக்குப் போகலாம். முதல் பருவத்தைப் பார்க்காவிட்டால் நாயகன் ரேலனுக்கும் குற்றவாளி பாய்ட் கிரௌடருக்கும் உள்ள பழைய பகை சற்றுப் புரியாமல் போகும். மேக்ஸின் கதை தனியாகவே விளங்கும்.