கரைக்கு வருதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

துருக்கியில் ஏறிய பாய்மரப் படகில் கேனரித் தீவுகள் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவான மார்ட்டினிக் வந்துவிட்டோம். சம்பளமில்லாத மாலுமி வேலை. அடுத்த வாரம் படகைக் கரையேற்றிவிட்டு நான் ஊர் திரும்பவேண்டும். மனம் வரவில்லை. பிரெஞ்சுக் கடலோடி பெர்னார் முவாத்தெசியே போலத் திரும்பாமலே இருந்துவிட்டால் என்ன? அம்மா தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்னும் சொல்லவில்லை. இந்தப் பயணத்தை நூலாக எழுத எங்கே தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

நூல் கிடக்கட்டும். கடல் கடந்தவரெல்லாம் எழுதியே தீரவேண்டும் என்று யாரும் அழவில்லை. முவாத்தெசியே பெயரை எடுத்ததால்தான் பதில் எழுதுகிறேன். சில வாரங்களாக எனக்கும் அவர் கலந்துகொண்ட அந்த 1968 பாய்மரப் படகுப் பந்தயத்தின் நினைப்புதான்.

தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றவேண்டும். கிளம்பியவர்கள் 9 பேர், முடித்தவர் ஒருவர். முவாத்தெசியே தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைத் தாண்டியபின் ஐரோப்பாவுக்கு வராமல் மறுபடி கிழக்கே போனார். கேப்டவுன் அருகே ஒரு கப்பலுக்கு உண்டிவில்லால் கடிதத்தை எறிந்தார். இருபது வயதில் படித்தால் புல்லரிக்கும். ஆனால் தம்பி, அந்தக் கடிதம் போனது செய்தித்தாளுக்கு. அவர் மனைவி பிரான்சில் காத்திருந்தார். கடைசியில் அவரும் 1969 ஜூனில் பசிபிக் தீவான தாஹித்தியில் கரையேறத்தானே செய்தார்?

அதே பந்தயத்தில் திரும்பாத இன்னொருவர் உங்கள் கண்ணில் படவே இல்லை, டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். படகோ ஒழுகல், தோற்றால் வீடே போகும் அளவுக்குக் கடன். அட்லாண்டிக்கை விட்டு வெளியே போகாமலே, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய் இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்தங்கி வந்தால் படகின் பயணப் பதிவேட்டை யாரும் புரட்டமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். அவர் நெருங்கிவிட்டதாக நம்பி, முன்னால் வந்த நைஜல் டெட்லி தன் நைந்த படகை விரட்டினார். 1969 மே 21 அன்று அட்லாண்டிக்கில் அசோர்ஸ் தீவுகள் அருகே அது மூழ்கியது. டெட்லி பிழைத்தார். ஆனால் மிகக் குறைந்த நாளில் சுற்றியவருக்கான வேகப் பரிசு க்ரோஹர்ஸ்ட் மடியில் வந்து விழும் நிலை. இனி பதிவேட்டைப் பிரிப்பார்கள். ஜூலை 10 அன்று நடுக்கடலில் படகு கிடைத்தது, ஆள் இல்லை.

திரும்பி வருவதென்றால் பதிவேட்டை நாலுபேர் முன் திறந்து வைப்பது. அதற்கு அஞ்சியவரும் உங்கள் கடலில்தான் இருந்தார். நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள்? வேலை இல்லையே என்று சித்தப்பா கேட்பார், அவ்வளவுதானே?

முடித்த அந்த ஒருவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு, சுஹைலி. வானொலி பழுதாகி மாதக்கணக்கில் தகவலில்லை, செத்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று, கிளம்பிய அதே ஆங்கிலேயத் துறைமுகமான ஃபால்மவுத் வந்தார். சுங்க அதிகாரிகள் படகில் ஏறி வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள்? ஃபால்மவுத் என்றார். எனக்கு இந்த மனிதர் போதும். 5,000 பவுண்டு பரிசுப் பணத்தை க்ரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்தவரும் இவர்தான்.

பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மடியுங்கள். உப்போடு மடித்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். படகின் ஆள்பட்டியலிலிருந்து உங்கள் பெயரை முறைப்படி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் கேள்வி வரும். அதற்கெல்லாம் முன்னால் அம்மாவைக் கூப்பிட்டுத் தேதியைச் சொல்லுங்கள். நூலைப் பற்றி ஊருக்கு வந்தபின் எழுதுங்கள், பார்க்கலாம்.

அன்புடன்.