ரிவர்ஸ் ப்ராக்சிக்குப் பின்னால் வெப்மெயில்: உள்நுழைவுச் சிக்கல்கள், கேள்வி பதில்

கேள்வி: பயனரின் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் உள்ள சர்வருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் ப்ராக்சிக்குப் பின்னால் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருள் இயங்குகிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் பிழைச் செய்தி எதுவுமின்றி உள்நுழைவுப் பக்கமே மீண்டும் வருகிறது. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் கடவுச்சொல்லை மாற்றுவதை நிறுத்துங்கள். ஐமேப் சர்வரின் (அஞ்சல் பெட்டிகள் உள்ள சர்வர்) லாகை, அதாவது பதிவுக் கோப்பை, திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை உள்நுழைய முயலுங்கள். உள்நுழைவு வெற்றி என்று அங்கே பதிவானால் கடவுச்சொல்லில் குறையில்லை. பெரும்பாலும் செஷன் குக்கிதான் (உள்நுழைந்தவரை அடையாளம் காட்ட பிரவுசர் வைத்திருக்கும் சிறு தரவு) அடுத்த கோரிக்கையோடு திரும்பி வரவில்லை. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, பதிலில் வரும் செட்-குக்கி வரியைப் படித்துப் பாருங்கள். அதன் பாத் "/ரவுண்ட்கியூப்/" என்றும் பயனர் காணும் முகவரி "/மெயில்/" என்றும் இருந்தால் பிரவுசர் அந்தக் குக்கியை அனுப்பாது. என்ஜின்எக்ஸில் ப்ராக்சி_குக்கி_பாத் வரியைச் சேர்த்தால் பாத் சரியாகிவிடும்.

கேள்வி: எங்களுக்கு உள்நுழைவுப் பக்கமே வருவதில்லை. அளவுக்கு மீறிய திசைமாற்றம் என்று பிரவுசர் நின்றுவிடுகிறது. பயனர் ஹெச்டிடிபிஎஸ் வழி வந்தாரா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரையும் சேர்த்துவிட்டோம்.

பதில்: டிஎல்எஸ் குறியாக்கம் ப்ராக்சியிலேயே முடிந்துவிடுவதால் ரவுண்ட்கியூபுக்கு வருவது வெறும் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் ஃபோர்ஸ்_ஹெச்டிடிபிஎஸ் இயக்கத்தில் இருந்தால் அது ஒவ்வொரு முறையும் ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கே திருப்பி அனுப்பும். ஹெடர் மட்டும் போதாது. அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாம் என்பதால், ப்ராக்சி_ஒயிட்லிஸ்ட் பட்டியலில் உள்ள ஐபியிலிருந்து வந்தால்தான் ரவுண்ட்கியூப் அதை நம்பும். உங்கள் ப்ராக்சியின் ஐபியை அதில் சேருங்கள். ஃபோர்ஸ்_ஹெச்டிடிபிஎஸ்ஸை அணைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். காரணம் தீராமல் அறிகுறி மட்டும் மறையும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஒருவர் சில முறை தவறான கடவுச்சொல் கொடுத்தால் அலுவலகம் முழுவதற்கும் வெப்மெயில் நின்றுவிடுகிறது. தவறான முயற்சிகள் வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வைத்திருக்கிறோம்.

பதில்: வெப்மெயில் வழியாக வரும் எல்லா உள்நுழைவுகளும் ஐமேப் லாகில் வெப்மெயில் சர்வரின் ஐபியோடும், வெப்மெயில் லாகில் ப்ராக்சியின் ஐபியோடும் பதிவாகின்றன. ஃபெயில்2பேன் தடுப்பது பயனரை அல்ல, உங்கள் சொந்த சர்வரை! இந்த இரண்டு ஐபிகளையும் உடனே இக்னோர்ஐபி (தடுக்கக் கூடாத ஐபிகள்) வரியில் சேருங்கள். அதன்பின் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடர் வழியாக பயனரின் உண்மையான ஐபி வெப்மெயில் லாகில் பதிவாகும்படி செய்து, அந்த லாகின் அடிப்படையில் தடை விதியுங்கள். தடையை நிறைவேற்றும் இடத்திலும் கவனம் தேவை: வெப்மெயில் சர்வரின் ஃபயர்வாலுக்கு வந்து சேரும் பாக்கெட்டுகள் எல்லாம் ப்ராக்சியிலிருந்தே வருவதால், பயனரின் ஐபியை அங்கே தடுத்துப் பயனில்லை. தடை ப்ராக்சி இயந்திரத்தில்தான் விழ வேண்டும்.

கேள்வி: உள்நுழைந்தவுடன் சிலருக்கு மட்டும் 502 பிழை வருகிறது.

பதில்: பின்னால் உள்ள சர்வர் அனுப்பிய ஹெடர் மிகப் பெரியது என்று என்ஜின்எக்ஸின் எரர் லாகில் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராக்சி_பஃபர்_சைஸின் இயல்பு அளவு 4கே அல்லது 8கே மட்டுமே. அதை 16கே ஆக்குங்கள். கூடவே ப்ராக்சி_பஃபர்ஸ் அளவையும் உயர்த்துங்கள், இல்லையேல் என்ஜின்எக்ஸ் அமைப்பையே ஏற்க மறுக்கலாம்.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் வெப்மெயிலில் கடவுச்சொல் பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்தும் என்டிஎல்எம் என்ற விண்டோஸ் உள்நுழைவு முறை சரிபார்ப்பது டிசிபி இணைப்பையே, தனித்தனிக் கோரிக்கையை அல்ல. ப்ராக்சி பின்புற இணைப்பை மாற்றும்போதெல்லாம் அந்தச் சரிபார்ப்பு அறுந்துவிடும். வெப்மெயிலுக்கு மட்டும் படிவ வழி உள்நுழைவை அமையுங்கள்.