பழைய ரேடியோ ஸ்கேனர்ல சத்தம் ஏன் கம்மியா வருது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் அமெரிக்காவுல ஒஹையோவுல இருக்கேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலி பண்ணிட்டுப் போறப்ப, தொண்ணூறுகள்ல வாங்கின ஸ்கேனர் (போலீஸ், ஃபயர் ரேடியோ பேச்சைக் கேக்குற செட்டு) ஒண்ண என்கிட்ட குடுத்துட்டுப் போனார். வெதர் சேனல் கணீர்னு கேக்குது, ஃபயர் டிபார்ட்மெண்ட் மட்டும் கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு. 155.7525 மெகா ஹெர்ட்ஸ்னு ஃப்ரீக்வென்ஸி அடிச்சா அதுவா 155.755-னு மாத்திக்குது. செட்டு போச்சா, தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: போடாதீங்க சார், செட்டு நல்லாத்தான் இருக்கு, மாறினது எதிர்ல வர்ற சிக்னல். எஃப்.சி.சி (அமெரிக்காவுல ரேடியோ அலைவரிசைகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு) போட்ட கெடுப்படி 2013 ஜனவரி 1-லேர்ந்து அங்க போலீஸ், ஃபயர், டாக்ஸி, கம்பெனி ரேடியோ எல்லாம் 25 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துலேர்ந்து 12.5-க்கு சுருங்கணும்னு ஆச்சு (150-லேர்ந்து 174 மெகா ஹெர்ட்ஸ், அப்புறம் 421-லேர்ந்து 470, இந்த ரெண்டு பேண்டுலயும்). முன்னாடி பேசுறப்ப சிக்னல் அதோட இடத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் 5 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் ஆடும், இப்ப 2.5 தான் ஆடுது. எஃப்.எம்ல அந்த ஆட்டம்தான் சத்தம், ஆட்டம் பாதியானா உங்க ஸ்பீக்கருக்குப் போற ஆடியோவும் பாதி, கணக்குல சொன்னா 6 டெசிபல் கம்மி. வெதர் சேனல் மட்டும் ஏன் கணீர்னு இருக்குன்னா 162.400-லேர்ந்து 162.550 வரைக்கும் இருக்கிற அந்த ஏழு சேனலையும் யாரும் சுருக்கல, பழைய அகலத்துலயே ஓடுது. அதனால ஃபயர் சேனலுக்காக வால்யூமைத் திருகி வச்சுட்டு மறந்துட்டீங்கன்னா, ஸ்கேன் வெதருக்கு வர்றப்ப வீடே அதிரும்! ஆம்ப்ளிஃபையர் உள்ள சின்ன ஸ்பீக்கர் ஒண்ண இயர்போன் ஜாக்ல சொருகுங்க, வெதர் சேனலை லாக்அவுட் பண்ணிடுங்க (ஸ்கேன்ல அதைத் தாண்டிப் போக வச்சிடுங்க), இந்தப் பிரச்சனைக்கு அவ்ளோதான் வேலை.

அடுத்து அந்த 155.7525. அது போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ்னு எல்லாத் துறையும் பெரிய விபத்துல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறதுக்கு நாடு முழுக்க வச்சிருக்கிற பொது சேனல். அந்த பேண்டுல புது சேனல்கள் 7.5 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில வருது, உங்க செட்டுக்கோ 5 கிலோ ஹெர்ட்ஸ் படிபடியாத்தான் (ஸ்டெப்) நகரத் தெரியும், அதனால பக்கத்துப் படிக்குப் போய் உக்காந்துக்குது. 2.5 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி உக்காந்தாலும் பழைய செட்டோட ஃபில்டர் (வேண்டிய சிக்னலை மட்டும் உள்ள விடுற பகுதி) அகலமா இருக்கிறதால பேச்சு கேக்கும், கொஞ்சம் கரகரக்கும், அவ்ளோதான். 155.755-ல பக்கத்து 155.760 ஆளு உள்ள நுழைஞ்சு தொந்தரவு பண்ணா, 155.750-னு நீங்களே அடிச்சு மறுபக்கம் போய்ப் பாருங்க, எது தெளிவோ அதை மெமரில போட்டுக்கோங்க. யூ.எச்.எஃப்ல (மேல சொன்ன ரெண்டாவது பேண்டு) 450 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல பெரும்பாலான பழைய செட்டுக்கு 12.5 படி ஏற்கனவே இருக்கு, அங்க இந்த ரவுண்ட் ஆகுற தொல்லை இல்ல.

சிலர் உள்ள இருக்கிற 455 கிலோ ஹெர்ட்ஸ் ஃபில்டரை மாத்தி நேரோவா (குறுகலா) போடச் சொல்வாங்க, கேக்காதீங்க. படி 5-ஆவே இருக்கிற செட்டுல ஃபில்டரையும் குறுக்கிட்டீங்கன்னா, தள்ளி உக்காந்த சேனல் இப்ப கேக்குற அளவுக்குக் கூட கேக்காது, அந்த அகலம்தான் உங்களைக் காப்பாத்திட்டு இருக்கு.

இன்னொண்ணு, நேரோபேண்டுன்னாலே (இந்த 12.5-க்கு சுருங்கினது) டிஜிட்டல்னு நினைச்சுக்கிறாங்க, ரெண்டும் வேற. எஃப்.சி.சி சுருங்கத்தான் சொல்லுச்சு, டிஜிட்டலாகணும்னு சொல்லல. ஆனா பல ஊர்ல செலவோட செலவா பி25-ங்கிற டிஜிட்டல் ரேடியோ முறைக்கும் மாறிட்டாங்க. சேனல்ல பேச்சே இல்லாம ஒரே பர்ர்ருன்னு இரைச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தா அது டிஜிட்டல்தான், அதுக்கு உங்க செட்டுல வைத்தியம் கிடையாது.

கேள்வி: அதே மாதிரி பழைய செட்டுதான் என்கிட்டயும் இருக்கு, எனக்கு ரயில்காரங்க ரேடியோ பேச்சு கேட்டா போதும். சிகாகோ பக்கம் இருக்கேன். கேக்குமா?

பதில்: தாராளமா கேக்கும். அமெரிக்க ரயில்வே சேனல்கள் 160.215-லேர்ந்து 161.565 வரைக்கும் 15 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில இருக்கு, 5 படியில அச்சா பொருந்தும். அவங்களும் சுருங்கினாங்க, ஆனா பழைய சேனல்ல அதே இடத்துல இருந்துகிட்டே சுருங்கினாங்க, டிரைவர், டிஸ்பாட்சர் (கண்ட்ரோல் ரூம்லேர்ந்து ரயிலை நடத்துறவர்) பேச்சும் பெரும்பாலும் சாதா எஃப்.எம்தான். சத்தம் மட்டும் கம்மியா வரும், மேல சொன்ன ஸ்பீக்கர்தான். பழைய செட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாதுன்னு நான் சொல்வேன்.

கேள்வி: லீவுக்கு ஊருக்கு வர்றப்ப ஸ்கேனரையும் கொண்டு வரலாமா?

பதில்: வேண்டாம். இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ் கருவி வச்சிருக்கக் கூடாதுன்னு 1933-லயே சட்டம் வந்தாச்சு, 2023 டெலிகாம் சட்டமும் அனுமதி கேக்குது. ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டா விளக்கம் சொல்லி முடியாது. அமெரிக்காவுலயே கூட ஃப்ளோரிடா, நியூயார்க், இண்டியானா மாதிரி மாநிலங்கள்ல போலீஸ் சேனல் கேக்குற செட்டை கார்ல வச்சுக்கிறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் உள்ளவங்களுக்கு விலக்கு உண்டு, லாங் டிரைவ் கிளம்புறதுக்கு முன்னாடி போற வழியில உள்ள மாநிலத்து சட்டத்தைப் பாத்துக்கோங்க.