கூப்பிட்டிருக்கலாமே, அக்கா

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 63 வயது. செங்கோட்டைப் பக்கம் சொந்த வீடு. கணவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன், தென்காசியில் வேலை பார்க்கிறான். மருமகள் புனலூர்க்காரி, வீட்டில் மலையாளம் பேசும் குடும்பம். 2016-இல் கல்யாணம். அப்போது மீட்டர்கேஜை பிராட்கேஜ் ஆக்குகிறோம் என்று மலைப்பாதையில் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள், பெண் வீட்டார் வேன் பிடித்து ஆரியங்காவு வழியாக வந்து இறங்கினார்கள். நான்தான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி உறவு சொல்லி வாங்க வாங்க என்று கூப்பிட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு ஆள் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியும் தெரியவில்லை.

என் நாத்தனார் கடையநல்லூரிலிருந்து வந்தாள். இவள் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்தாள், உள்ளே போய்விட்டாள். டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள், அது வேறு விஷயம். வாய் நிறைய 'வாங்க' என்று சொல்ல என்ன கஷ்டம்? நாத்தனார் போகும்போது என் காதில், "உன் மருமகளுக்கு வாய் கிடையாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னிடம் பேசும்போதும் மரியாதை கிடையாது. 'நீங்க' என்று வராது. "அம்மா சாப்பிட்டோ?" என்பாள். ஏதோ நாய்க்குட்டியைக் கேட்பதுபோல. சாயங்காலம் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா கோயிலுக்குப் போணோ?" என்று கேட்கிறாள். 'போகணுமா அத்தை' என்று கேட்கத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் கோயிலுக்கே நான் போவதில்லை.

என் மாமியாருக்கும் மலையாளம் நன்றாகத் தெரியும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்ததுதானே, அந்தக் காலத்துப் படிப்பு. ஆனால் மருமகளான என்னையே 'வா தாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி நாலு வருஷம் படுக்கையில் இருந்தார்கள். எது வேண்டுமானாலும் சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார்கள், ராத்திரி பகல் கிடையாது, ணங் ணங் என்று. நான் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அந்தச் சத்தம் இன்றைக்கும் சில ராத்திரி காதில் கேட்கிறது. அப்படியெல்லாம் செய்த எனக்கு ஒரு 'ங்க' கிடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மகனும் சரி அவளும் சரி, செல்போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். பேரன் ஏழு வயது, என்னை 'ஆச்சி, நீ வா' என்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது? பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர்தான் குடிப்பான், நம் வீட்டுப் பானைத் தண்ணீர் ஆகாது. இதெல்லாம் சின்ன விஷயம் என்று மகன் சொல்கிறான். சின்ன விஷயத்தில் இல்லாத மரியாதை பெரிய விஷயத்தில் எங்கிருந்து வரும்?

பேரனுக்கு நல்ல பழக்கம் என்று ஏதாவது இருக்கிறது என்றால் நான் சொல்லிக் கொடுத்ததுதான். போன மாசம் பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்காலில் நல்ல அடி. அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் டவுசரை மாற்றும்போதுதான் துணி ரத்தத்தோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. ஏன்டா சொல்லல என்று அவன் அம்மா கேட்டதற்கு, "யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு ஆச்சி சொல்லிருக்கா" என்றான். உடனே அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தப்பாகவா சொல்லிக் கொடுத்தேன்? நானே அப்படித்தானே இருக்கிறேன். அதே வாரத்தில் ஒரு ராத்திரி பாத்ரூம் போன இடத்தில் தலை சுற்றி நானும்தான் விழுந்தேன், புது பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து ரூமில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனாலும் கூப்பிடவில்லை, வாளியைப் பிடித்து நானே எழுந்து வந்து படுத்துவிட்டேன், இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது கிடக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: மரியாதை தெரியாத மருமகளுக்கு இனிமேல் அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எதிர்வீட்டில், பெரியவர்களைப் பார்க்காத பிள்ளைகள் மேல் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்களைவிட நான் சில வயது இளையவள், அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை உங்கள் மருமகளைப் பற்றிப் படித்தேன். இரண்டாவது தடவை, 'அது கிடக்கட்டும்' என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன இடத்திலேயே நின்றுவிட்டேன். அதைக் கிடக்கவிட என்னால் முடியாது.

நடுராத்திரி. ஈரத் தரையில் விழுந்து கிடக்கிறீர்கள். பக்கத்து அறையில் மகனும் மருமகளும் தூங்குகிறார்கள், ஃபேன் சத்தம் கேட்கிற தூரம். ஒரு குரல் போதும். வாளியைப் பிடித்து எழுந்தேன் என்கிறீர்களே, எத்தனை நிமிஷம் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே கிடந்தீர்கள், அக்கா? 'ங்க' வரவில்லை என்பதற்கு இவ்வளவு எழுதிய நீங்கள் இதற்கு இரண்டே வாக்கியம்தான் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் பேரனைப் பாராட்டிக்கொண்டு வரும்போது நடுவில்.

எதற்காகக் கூப்பிடவில்லை என்று நான் ஊகித்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். அந்த டம்ளர் சத்தம்தான். நாலு வருஷம் முகம் சுளிக்காமல் பார்த்தேன் என்கிறீர்கள், அப்படியே நம்புகிறேன். முகம் சுளித்திருக்காது, மனசு சுளித்திருக்கும். கண் அசந்த நேரத்தில் ணங் என்று கேட்டால் யாருக்குத்தான் சுளிக்காது, அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு உங்களுக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு நீங்கள் கூப்பிடும்போது அந்தப் பெண்ணுக்குள்ளும் அதுவே ஓடுமோ என்ற பயம் வந்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறீர்கள். 'வாங்க' சொல்லாதவள் என்னைப் படுக்கையில் பார்ப்பாளா? 'நீங்க' சொல்லாதவள் ராத்திரி எழுந்து வருவாளா? பெரிய விஷயத்தில் எங்கிருந்து வரும் என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். அந்தப் பெரிய விஷயம் இதுதான்.

பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் வைக்கும் பரீட்சை நியாயமில்லை, அந்தப் பெண்ணுக்குத் தெரியாத பாடத்தில் வைக்கிறீர்கள். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என்று வினையின் வாலிலேயே மரியாதையைக் கட்டி வைத்திருக்கிறோம். மலையாளத்தில் அந்த வாலே கிடையாது. அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, எல்லாருக்கும் ஒரே 'வந்நு'தான். அங்கே பெரியவர்களிடம் 'நீ' மட்டுமில்லை, நம்முடைய 'நீங்கள்' மாதிரி இருக்கும் 'நிங்ஙள்' என்பதையும் சொல்லத் தயங்குவார்கள். அந்த இடத்தில் உறவையே சொல்லி, 'அம்ம கழிச்சோ' என்று கேட்பதுதான் மரியாதை. அதை அப்படியே தமிழாக்கித்தான் உங்கள் மருமகள் 'அம்மா சாப்பிட்டோ' என்று கேட்கிறாள். உங்களுக்கு அது நாய்க்குட்டியைக் கேட்பதுபோலத் தெரிகிறது. அவளைப் பொறுத்தவரை, பெற்ற தாயிடம் பேசுவதுபோல உங்களிடம் பேசுகிறாள். திருவிதாங்கூர் காலத்து மாமியாரோடு குடித்தனம் பண்ணிய உங்கள் காதுக்கு இது புதுசாக இருக்காது, கோபம்தான் கேட்கவிடாமல் வைத்திருக்கிறது. எட்டு ஒன்பது வருஷத்தில் நம் வழக்கத்தைக் கொஞ்சமாவது பிடித்திருக்கலாமே என்றால், ஆமாம், பிடித்திருக்கலாம். 'வாங்க' என்று ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள அதிக நாள் வேண்டாம். நாத்தனார் முன்னால் உங்களுக்குத் தலை குனிந்ததும் எனக்குப் புரிகிறது. ஆனால் வந்தவரைப் பார்த்து முகம் மலர்ந்து சிரித்து, கேட்காமலே டீயும் முறுக்கும் கொண்டுவந்தவளை வரவேற்கத் தெரியாதவள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த வண்டிச் சாவியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். வேலைக்குப் போய்வரும் வீட்டில், சாயங்கால நேரத்தில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மருமகள் 'கோயிலுக்குப் போகணுமா' என்று கேட்கிறாள். வருகிறீர்களா, கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். நீங்கள் வார்த்தையின் வாலைப் பார்த்தீர்கள், சாவியைப் பார்க்கவில்லை. துணைக்கு ஒருத்தி நிற்கும்போதே வேண்டாம் என்றுவிட்டு, கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்கள். நிறுத்தியது அந்த ராத்திரிக்கு அப்புறமா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் அது கோபம் மட்டும் இல்லை. ஒருமுறை விழுந்தவர்கள் மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வார்கள், நடக்காததால் கால் பலம் போகும், அதனாலேயே மறுபடி விழுவார்கள்.

இப்போது நீங்கள் பெருமையாக எழுதிய விஷயத்துக்கு வருகிறேன், இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஏழு வயசுப் பிள்ளை ரத்தம் வழியும் முழங்காலோடு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. அதை நல்ல பழக்கம் என்று என்னால் சொல்ல முடியாது, அக்கா. அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காதே, பேசும்போது குறுக்கே விழாதே, வந்த இடத்தில் அது வேண்டும் இது வேண்டும் என்று படுத்தாதே, இதெல்லாம் தொந்தரவு கொடுக்காமல் இருப்பது, சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வலிக்கிறது என்று சொல்வதை அந்தக் கணக்கில் சேர்த்தால், பிள்ளை நாளைக்கு வேறு எதையாவதும் மறைப்பான். ஒரு பெரிய பையன் அடிக்கிறான் என்பதை, யாரோ தொடக் கூடாத இடத்தில் தொட்டார்கள் என்பதை. அவன் அம்மா உங்களைப் பார்த்த அந்தப் பார்வையை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது பயந்துபோன ஒரு தாயின் பார்வையாகத்தான் தெரிகிறது. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னீர்கள். ஆனால் அதே வாரத்தில் ஒரே கூரைக்குக் கீழே பாட்டியும் பேரனும் விழுந்திருக்கிறீர்கள், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவன் அதை உங்களிடமிருந்துதான் கற்றான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விழுந்ததை மறைத்ததில் அவளுக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருந்ததாக நினைக்கிறீர்கள். நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால், 'என்னைக் கூப்பிடக்கூட இவங்களுக்குத் தோணலையே, என்னை அவ்வளவு வேற்றாளாகவா வச்சிருக்காங்க' என்றுதான் நினைப்பாள். வாசலில் 'வாங்க' என்று கேட்காதபோது உங்கள் நாத்தனாருக்கு வந்ததைவிடப் பெரிய வருத்தம் அது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மனுவை மறந்துவிடுங்கள். 2007-இல் வந்த அந்தச் சட்டம் சோறும் மருந்தும் கொடுக்காமல் விடப்பட்ட பெற்றோருக்கானது, உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. செல்போன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதை மருமகளிடம் சொல்லாமல் மகனிடம் சொல்லுங்கள், அவனும்தானே தட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறான். பதிமுகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். பேரன் 'நீ' என்பதை நீங்களே சிரித்துக்கொண்டு திருத்தலாம், அந்த வயசில் ஒரு மாசத்தில் திருந்திவிடும்.

முதலில் செய்ய வேண்டியது வேறு. புது மாத்திரை, அப்புறம் தலைசுற்றல், அப்புறம் விழுந்தது: மூன்றையும் சேர்த்து இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை என்று பிரஷரைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எழுந்ததும் பிரஷர் இறங்குவதாலும் தலை சுற்றும், மாத்திரையின் அளவை மாற்றினாலே சரியாகிவிடுவதும் உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ராத்திரி எழுந்தால் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். பாத்ரூமில் ஒரு ஜீரோ வாட் விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லுங்கள், வாளி இனிமேல் வேண்டாம்.

டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். இன்று சாயங்காலம் அவள் சாவியை எடுக்கும்போது நீங்களே கூப்பிட்டு, பேரன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்: "போன மாசம் ராத்திரி விழுந்துட்டேன். உன்னைக் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடல. அது என் தப்பு." பேரன் கேட்கட்டும், ஆச்சி வலியைச் சொல்வதை அவன் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அவளுக்குக் கோபம் வரலாம். ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போடலாம், பாதி மலையாளத்தில் போடலாம். அந்தச் சத்தத்தில் 'ங்க' இருக்கிறதா என்று தேடாமல், அவள் உங்களை எங்கே பிடித்து உட்கார வைக்கிறாள், எதை முதலில் கேட்கிறாள் என்று மட்டும் பாருங்கள்.

பிரஷர் எவ்வளவு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், அக்கா. கோயிலுக்குப் போனீர்களா என்றும்.